கான்டெசா: பழையதா, புதியதா?

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள உத்தர்பாராவை அம்பாசிடர் பிறந்த ஊராகப் பலரும் அறிவர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அதே தொழிற்சாலையிலிருந்துதான் 1984ஆம் ஆண்டு கான்டெசா என்னும் சொகுசுக் காரும் வெளிவந்தது. அதன் முந்தைய வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் ஒப்பிட்டு நோக்குவது, இன்று கடன் பெற்றுக் கார் வாங்க எண்ணுவோருக்கும் பயன் தரும் என நாம் கருதுகிறோம்.

பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனம் 1970களில் தயாரித்த விஎக்ஸ் வகைக் காரைத் தழுவியது கான்டெசாவின் உடற்கூடு. நீண்ட முகப்பும் அகன்ற இருக்கைகளும் அன்றைய சாலைகளில் அதற்குத் தனி மதிப்பைத் தந்தன. ஆனால் உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின், கியர்கள் நான்கு. 1950களைச் சேர்ந்த அந்த எஞ்சினுக்குக் கான்டெசாவின் கனத்த உடல் பெருஞ்சுமையாயிற்று. தோற்றத்துக்கேற்ற வேகம் அதற்கு வாய்க்கவில்லை.

1980களின் பிற்பகுதியில் அதே காருக்கு ஜப்பானின் இசுசூ நிறுவனம் வடிவமைத்த 1,817 சிசி எஞ்சினும் ஐந்து கியர்களும் கிடைத்தன. வெளித்தோற்றம் பெரிதும் மாறவில்லை. ஓட்டம் முற்றிலும் மாறியது. வாங்கியவர் கொடுத்த விலைக்குரிய காரை உண்மையில் பெற்றது அப்போதுதான்.

பழைய வடிவத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. அம்பாசிடரைப் பழுதுபார்க்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அதன் எஞ்சினைச் சீர்செய்ய முடிந்தது. பராமரிப்புச் செலவை எண்ணுவோர் இதனைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும் சொகுசுக் காருக்குரிய விலையைக் கொடுத்தவர், எளிய பழுதுபார்ப்பை மட்டும் கொண்டு நிறைவடைவதற்கில்லை.

நம் சென்னையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. 1977ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வு பெற்ற ரோவர் எஸ்டி1 காரின் உடலுக்குள், 1940களின் வேன்கார்டு காரின் வழிவந்த 1,991 சிசி எஞ்சின் வைக்கப்பட்டது. மக்கள் அதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. உத்தர்பாரா தன் குறையைத் திருத்திக்கொண்டதால் கான்டெசா 2002 வரை நீடித்தது.

இன்றும் சந்தையில் ஆண்டுதோறும் 'புதிய வடிவம்' என்ற பெயரில் கார்கள் வருகின்றன. முன்பக்க வலைச்சட்டமும் விளக்குகளும் மட்டும் மாறியிருந்தால், அதற்காகக் கடன் தொகையை உயர்த்துவது முறையன்று. விலை குறைத்து விற்கப்படும் முந்தைய வடிவமே போதுமானது. எஞ்சின், கியர், பிரேக், காற்றுப்பை, புகை வெளியீட்டுத் தரம் ஆகியவை மேம்பட்டிருந்தால், கூடுதல் தவணைக்குப் பொருள் உண்டு.

பயன்படுத்திய சொகுசுக் காரை நாடுவோர் மேலும் இரண்டைக் கவனித்தல் வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால்தான் புதுப்பிக்க இயலும். பழைய கார்க் கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல், தவணைக் காலமும் குறைவு. எனவே விலையை மட்டுமன்றி, வட்டி, உதிரிபாகம், காப்பீடு ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே பழையதா, புதியதா என முடிவு செய்யுங்கள்.

காட்சியறையில் நம்மைக் கவர்வது காரின் முகப்பே. கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன் அதன் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே என்ன மாறியுள்ளது என ஒருமுறை கேட்டுவிடுவது நலம்.