செந்தூர் பாதைக்கு ஒரு மெமு

போன ஞாயிறு மத்தியானம் திருச்செந்தூர் ஸ்டேஷனில் நெல்லை பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன். வண்டி வந்து நின்று கூட்டம் இறங்கியதும் எஞ்சினைக் கழற்றினார்கள். பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒருவர் குனிந்து பிரேக் குழாயைப் பிரித்துவிட, எஞ்சின் மட்டும் முன்னே போய், தண்டவாளம் மாறி, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் பன்னீர் இலை விபூதிப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்த அம்மா மகனை விரட்டினார்: "ஏலே, எஞ்சின் இன்னும் மாட்டலை. ஓடிப்போய்த் தண்ணி பிடிச்சிட்டு வந்திரு."

மெட்ராஸில் வேலை பார்த்த காலத்தில் குரோம்பேட்டையிலிருந்து தினமும் போய்வந்த மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பீச் ஸ்டேஷன் வந்ததும் டிரைவர் தன் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போவார். அவ்வளவுதான், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். தென்னிந்திய ரயில்வே என்ற தனியார் கம்பெனி 1931இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய சேவை அது. இந்தியாவில் மின்சாரம் கண்ட மீட்டர் கேஜ் பாதை அது ஒன்றுதான். 2004இல் அதன் கடைசி வண்டியும் நின்றபோது, சொந்தக்காரர் ஒருவரை வழியனுப்பியதுபோல் இருந்தது எனக்கு.

கோயிலுக்குப் போகும் ரயில் என்றால் ஜப்பானின் கவாசாகியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே தாய்ஷி என்ற புத்தர் கோயிலுக்குப் போகும் பக்தர்களை நம்பி, 1899இல் ஒரு சின்னக் கம்பெனி மின் ரயில் விட்டது. டோக்கியோ வட்டாரத்தின் முதல் மின் ரயில் அதுதான். அந்தக் கம்பெனியே பிறகு கெய்கியூ என்ற பெரிய தனியார் ரயில்வேயாக வளர்ந்து, இன்று டோக்கியோவையும் யோகோஹாமாவையும் இணைக்கிறது. கோயில் கூட்டத்தில் பிறந்த ரயில், ஆபீஸ் கூட்டத்தைச் சுமக்கக் கற்றுக்கொண்டது.

அவர்களிடம் 1978இல் வந்து 2019 வரை ஓடிய 800 வரிசை வண்டி ஒன்று உண்டு. சிவப்பு உடம்பில் வட்ட முகம். மக்கள் அதை 'தாருமா' பொம்மை என்றே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று போவதற்கென்றே செய்த வண்டி அது. பின்னால் எக்ஸ்பிரஸ் துரத்திக்கொண்டு வரும் பாதையில், நின்றவுடன் பறந்தாக வேண்டும். கிளம்பிய பத்தாவது நொடியில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். மோட்டார்கள் ஒரே எஞ்சினில் குவியாமல் பெட்டிகளுக்கு அடியில் பரவி இருப்பதால் வரும் பலம் இது.

நம் நெல்லை–செந்தூர் பாதையும் அப்படிக் கோயிலுக்காகப் பிறந்ததுதான். 1923இல் திருநெல்வேலி ஜில்லா போர்டின் பாதையாக வந்தது. ஓட்டியது அதே தென்னிந்திய ரயில்வே. 61 கிலோமீட்டர். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று தாமிரபரணிக் கரையின் நெல்லும் வாழையும் ஓய்ந்து உப்பளம் தொடங்கும்வரை போகிறது. முருகனைப் பார்க்க வருகிறவர்களைப் போலவே, பாளையங்கோட்டை காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

தலைக்கு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. கம்பி இருந்தும் எஞ்சின் சுற்றி வரும்வரை காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஸ்டேஷன்கள் ஜப்பானில்போல் நெருக்கமாக இல்லை, அதனால் பறக்கும் வேகத்தில் கிடைக்கும் லாபம் குறைவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இது ஒற்றைத் தண்டவாளம். கிராசிங்குக்காக நின்ற வண்டி சட்டென்று வேகம் எடுத்தால், எதிரே வருவதும் தாமதமாகாது. கடைசி ஸ்டேஷனில் மிச்சமாகும் நேரமெல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒரு நடை கூடுதலாகக் கிடைத்தாலே பெரிய காரியம். பெட்டிக்கு அடியிலேயே மோட்டாரும் இரு முனையிலும் டிரைவர் அறையும் கொண்ட மெமு என்ற மின் ரயில் விழுப்புரத்திலும் காட்பாடியிலும் ஓடுகிறது. செந்தூருக்கும் அது வேண்டும். கந்த சஷ்டிக்கு நீள ரயிலும், மற்ற நாளில் ஐந்தாறு பெட்டி மெமுவும் அடிக்கடி வரட்டும்.

அன்றைக்கு வண்டி கிளம்பக் கொடி காட்டியபோது அந்தப் பையன் தண்ணீர் பாட்டிலோடு பிளாட்பாரத்தில் ஓடிவந்துகொண்டிருந்தான். கடைசிப் பெட்டியில் ஏறி, உள்ளேயே நடந்து, ஆறுமுகநேரி வருவதற்குள் அம்மாவிடம் வந்து சேர்ந்தான்.