பாட்டுப் போட்டால் பாடம் ஓடாதா?

‘போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. இதில் வகுப்பில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போடுவதெல்லாம் எதற்கு?’ புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்விக்குக் கூடுதல் வலு வந்திருக்கிறது. கேட்பவர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். தேர்வு பற்றிய கவலைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனாலும் அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மற்றவை நிற்கவில்லை.

முதல் காரணம், பாடம் என்பது புத்தகத்தில் இருப்பது, ஒலி அதற்கு மேல் பூசும் அலங்காரம் என்பது. மற்றப் பாடங்களை விடுங்கள், தமிழுக்கு இது துளியும் பொருந்தாது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று மாணவர் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அந்த நான்கு ஓசைகளில் ஒன்றையாவது காதால் கேட்டிருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. ஓசையைக் கேட்காமல் ஓசையின் பெயரை மட்டும் நெட்டுருப் போட வைத்துவிட்டு, ‘பிள்ளைகளுக்கு யாப்பு ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று நாமே வருத்தப்படுகிறோம். நன்றாகச் செய்யுள் படிக்கத் தெரிந்த ஒருவர் குரலில் ஒரு வெண்பாவையும் ஓர் அகவலையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட ஐந்து நிமிடம் ஆகுமா? நேரமில்லை என்ற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கேட்டபின் விளக்க வேண்டியது குறைந்துவிடும்.

இந்த ஊரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தி.வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பை 1984 முதல் வெளியிட்டது. 2007இல் பிரெஞ்சுக் கீழைத்தேய ஆய்வுப் பள்ளியுடன் சேர்ந்து ‘கணினித் தேவாரம்’ என்ற குறுவட்டைக் கொண்டுவந்தது. அதில் பாடல்கள், வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கம், நிலப்படங்கள் ஆகியவற்றோடு ஒலிப்பதிவுகளும் இடம்பெற்றன. பண் அமைந்த பாட்டை ஆராய்பவருக்கே ஒலி வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் அச்செழுத்து போதும் என்பது என்ன நியாயம்? 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி தன் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்து வைத்தவர். அந்தக் குறிப்பைப் பாடநூலில் அச்சிட்டுவிட்டு ராகத்தைக் காட்டாமல் விடுவது, பாடத்தில் ஒரு பகுதியை நடத்தாமல் விடுவதுதான்.

இரண்டாவது, ‘கேட்பதால் மார்க் வராது’ என்பது. இதே ஊரில் பிரெஞ்சு படிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். டெல்ஃப் தேர்வில் 100 மதிப்பெண்ணில் 25 கேட்டல் திறனுக்கு உரியது. ஒலிப்பதிவைப் போடுவார்கள், கேட்டு விடை எழுத வேண்டும். பிரெஞ்சுக்குக் காது வேண்டும், தாய்மொழிக்கு வேண்டாம் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. லகரமும் ளகரமும் ழகரமும் குழம்பி எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையைவிடத் தெளிவான உச்சரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்பது உதவும். தேர்வில் கேட்டலுக்கு இடம் இல்லை என்றால் குறை தேர்வு முறையில் இருக்கிறது.

மூன்றாவது, கவனம் சிதறும் என்பது. பாதி உண்மை என்று சொன்னது இதைத்தான். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னணியில் பாட்டு ஓடினால், அதிலும் சொற்கள் உள்ள பாட்டு ஓடினால், வாசிப்பு கெடும். மொஸார்ட் இசை அறிவை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கும் உறுதியான அடிப்படை இல்லை. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு வெறும் 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. அதில் கண்ட பலன் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆகவே பாட்டு மூளையைக் கூர்மையாக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஒலிப்பதிவையே பாடமாக வைத்து, என்ன கவனிக்க வேண்டும் என்ற கேள்வியை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதி, இரண்டு முறை போட்டுப் பேச வைப்பது வேறு சங்கதி. அங்கே கவனம் குவியும்.

ஆசிரியர் தன் வேலையைக் கருவியிடம் தள்ளிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே பதில். எந்தப் பகுதியைப் போடுவது, எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்று தீர்மானிக்க நல்ல தயாரிப்பு வேண்டும். செலவும் பெரிதில்லை. ஒரு செல்போனும் சின்ன ஸ்பீக்கரும் போதும்.

வரலாற்று வகுப்பில் ஒலிப்பதிவு இன்னும் அவசரம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தந்தார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. இரண்டு வரியில் பாடம் முடிந்துவிடும். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், சந்தையில் எந்தக் காசு புழங்கியது, கொடி மாறிய நாளில் தெரு எப்படி இருந்தது என்றெல்லாம் அவர்களால் சொல்ல முடியும். பேரப்பிள்ளையே கேள்வி கேட்டுப் பதிவு செய்யலாம். எழுதப்பட்ட வரலாற்றோடு அதை ஒப்பிட்டு, நினைவு எங்கே தவறுகிறது என்று வகுப்பில் விவாதிக்கலாம். ஆதாரத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கல்வித்துறை, அக மதிப்பீட்டில் தமிழ்க் கேட்டலுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். ஆசிரியர்கள் அந்த ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். வருகிற நவம்பர் 1க்கு முன்னால் ஒவ்வொரு வகுப்பும் தன் தெருவில் உள்ள மூத்தவர் ஒருவரின் குரலையாவது பதிவு செய்யட்டும்.