துரைக்குப் பிடித்த குடை

மழை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுடச்சுட வெங்காய பஜ்ஜி, ஆவி பறக்கும் காப்பி, பள்ளிக்கூட விடுமுறை... இவைதானே? எனக்கு ஞாபகம் வருவது ஒரு பழைய கறுப்புக் குடை. அந்தக் குடையும் எனக்காக அல்ல. எங்கள் வீட்டு நாய்க்காக!

சிரிக்காதீர்கள். ஐப்பசி மாதத்து விடியற்காலையில், மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றில், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஒரு நாய்க்குக் குடை பிடித்து நிற்கும் மனிதரை நீங்கள் பார்த்திருந்தால், அது சாட்சாத் அடியேன்தான்.

அவன் பெயர் துரை. பெயரைக் கேட்டுச் சீமை நாய் என்று எண்ணிவிட வேண்டாம். சுத்தமான நாட்டு நாய், தெருவில் பிறந்தவன். மூன்று வருஷங்களுக்கு முன் ஓர் அடைமழையில், எங்கள் மாடிப்படிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் பெண் பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "மழை விட்டதும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என் தாயார். மழை விட்டது. துரை போகவில்லை.

தெருவில் பிறந்தவனாயிற்றே, மழை அவனுக்குப் பழக்கமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். துரைக்குப் பாதத்தில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. வாசற்படியில் நின்று வானத்தை ஒரு முறை பார்ப்பான். என்னை ஒரு முறை பார்ப்பான். "இதை நிறுத்தச் சொல்லேன்" என்று அர்த்தம். கொட்டுகிற மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. நாயின் வயிற்றுக்கு விடுமுறை விட அவராலும் ஆகாதே! அதனால்தான் குடை.

சென்னைக்கு வருஷம் முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் துரையின் ராஜ்யம். கூடம் முழுவதும் சேற்றுப் பாதங்கள். பூஜை அறைக் கோலத்தின் மேல் நாலு பூக்கள் கூடுதலாக விழுந்திருக்கும். அப்புறம் அந்த வாசனை! நாயின் ரோமத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள், ஈரம் ஆவியாகும்போது அதோடு கிளம்பி வருவதால்தான் அந்த நாற்றமாம். காரணம் தெரிந்துகொண்டால் நாற்றம் குறையும் என்று நினைத்துப் படித்தேன். குறையவில்லை.

இடி இடித்தால் துரை நேரே அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வான். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான காது அல்லவா? "சனியனே, எட்டப் போ!" என்று அம்மா அதட்டுவாள். ஆனால் அவளுடைய கை மட்டும் கட்டிலிலிருந்து கீழே தொங்கி, அவன் தலையைத் தடவிக்கொண்டே இருக்கும்.

இப்படிச் சிரிப்பும் சிடுசிடுப்புமாகப் போய்க்கொண்டிருந்த சென்ற ஐப்பசியில், மழை பிடித்த ஆறாம் நாள், துரை தயிர் சாதத்தைத் தொடவில்லை.

"மழை அலுப்பு. நாளைக்குச் சாப்பிடுவான்" என்றேன் நான். மறுநாள் அவன் எழுந்திருக்கவே இல்லை. குடையை விரித்துக் காட்டினேன். வாலை மட்டும் ஒரு முறை அசைத்தான். அம்மாதான் குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இவன் கண்ணைப் பார்த்தாயா? மஞ்சளாக இருக்கிறதே!" என்றாள்.

மிருக வைத்தியர் அவனுடைய கண்ணையும் ஈறையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வருஷாந்தர ஊசி எப்போது போட்டீர்கள்?" என்றார்.

ஐயா, அம்மணிகளே! அந்தக் கேள்விக்கு நான் விழித்த விழியை எப்படிச் சொல்வேன்? ஆவணி மாதமே போட்டிருக்க வேண்டிய ஊசி. அட்டையில் தேதி எழுதியே இருந்தது. 'வெயில் கொஞ்சம் தணியட்டும்' என்று தள்ளினேன். ஐப்பசி வந்ததும், 'மழை விடட்டும்' என்று தள்ளினேன்.

"எலிக்காய்ச்சலாக இருக்கலாம்" என்றார் டாக்டர். லெப்டோஸ்பைரோசிஸ் என்று அதற்குப் பெயர். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி, தேங்கிய மழைநீரில் கலந்துவிடுகிறது. அந்த நீரை நாய் குடித்தாலோ, காலில் உள்ள சிறு கீறலில் அது பட்டாலோ போதும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் போய்த் தாக்கும். துரையின் சாப்பாட்டுத் தட்டை இரவெல்லாம் கொல்லையிலேயே போட்டுவைத்து, எலிகளுக்கு விருந்து வைத்ததும் நாங்கள்தான்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது: "வீட்டில் குழந்தைகள் உண்டா?"

நோய் கண்ட நாயின் சிறுநீர் மூலமாக மனிதருக்கும் இது தொற்றுமாம். என் பெண்ணுக்கு ஏழு வயது. துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுப் பாடம் படிப்பாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விடியவைத்தேன். காலையில் முதல் வேலையாக அவளையும் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால், 'இல்லை' என்ற அந்த வார்த்தை என் காதில் விழும் வரை, என்னுடைய சோம்பலை நான் சபித்த சாபம் கொஞ்சநஞ்சமல்ல.

துரையின் ரத்தப் பரிசோதனையில் டாக்டரின் சந்தேகம் உறுதியாயிற்று. ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் மாத்திரை. அவன் அசுத்தம் செய்த இடத்தை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள் என் மனைவி. என்னை அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்!

துரை பிழைத்துவிட்டான். எல்லா நாய்களும் பிழைப்பதில்லை என்று டாக்டர் சொன்னார்.

அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு துரையோ மணியோ இருந்தால், இன்று ராத்திரியே அந்த ஊசி அட்டையைத் தேடி எடுங்கள். வெறிநாய்க்கடிக்கான ஊசி வேறு, இது வேறு. இரண்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போட்டாயிற்று என்று அசட்டையாகவும் இருந்துவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். வெளியே போய் வந்ததும் விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது 'மழை விடட்டும்' என்று யாரும் சொல்லக்கூடாது. அம்மாவின் உத்தரவு! மூன்று வருஷங்களுக்கு முன் அந்த வார்த்தையை முதலில் சொன்னவளே அவள்தான் என்பதை ஞாபகப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை.

இதோ, வெளியே மழை வலுத்துவிட்டது. வாசற்படியில் ஒருவன் என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். குடை எங்கே?