சைக்கிளை விட்டு இறங்கச் சொல்வது குற்றம்

தொண்ணூறுகளில் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், காலனியிலிருந்து மிதித்துவரும் சைக்கிள் ஊர் மந்தை வந்ததும் நின்றுவிடும். இறங்கி, செருப்பைக் கழற்றி கேரியரில் செருகிக்கொண்டு, ஊர்த்தெருவின் கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போவோம். தினமும் யாரும் வந்து மிரட்டவில்லை. சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் பார்வையே போதுமானதாக இருந்தது.

அந்த வழக்கம் பல ஊர்களில் இன்று ஒழிந்திருக்கிறது. ஆனால் அதே எண்ணம் இப்போது வண்டியேறி வருகிறது. கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் மாணவர்கள் எங்களிடம் சொல்வது இதுதான்: பள்ளி விட்டுச் சைக்கிளில் வரும்போது பின்னாலிருந்து பைக்கோ காரோ ஒட்டி உரசுகிறது, காது கிழிய ஹாரன் அடிக்கிறார்கள், குறுக்கே நிறுத்தி, "எந்தத் தெருடா நீ?" என்று கேட்கிறார்கள்.

மதுரை நகரச் சாலையில் சைக்கிள்காரரை மதிக்காத ஓட்டுநர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. பூக்கூடையோடும் பால் கேனோடும் போகிறவர்கள் அன்றாடம் படும் பாடு அது. அத்தகைய ஆபத்தான ஓட்டுதலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு இருக்கிறது. முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் "எந்தத் தெரு" என்று கேட்டுவிட்டு வழிமறிப்பது வெறும் போக்குவரத்து விதிமீறல் அல்ல. அது தீண்டாமை.

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில், இன்றைய சிவகங்கையும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை கூடாது, சட்டை போடக்கூடாது என்று நீண்ட அந்தப் பட்டியலில் குடையும் செருப்பும் இருந்தன. சைக்கிள் கிராமத்துக்கு வந்தபோது எழுதாமலே அதுவும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. பிறகு பைக் சேர்ந்தது. கூலி வேலைக்காரன் நடந்து போகும்வரை யாருக்கும் உறுத்தல் இல்லை. அவன் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து வேகமாகப் போகும்போதுதான் உறுத்துகிறது.

2001-02இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவசச் சைக்கிள் தரத் தொடங்கியது. பின்னர் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் அது கிடைத்தது. வண்டி கிடைத்துவிட்டது. வழி கிடைத்ததா?

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், கல்லூரியில் படிக்கும் தலித் மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதே காரணம் என்று மாணவர் தரப்பில் புகார் கூறப்பட்டது. மூவர் கைது செய்யப்பட்டனர். மாணவருக்கு மதுரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. இப்படி இரத்தம் சிந்தினால் செய்தியாகிறது. அதற்கு முன் நூறு முறை நடக்கும் உரசலும் ஏச்சும் எங்கும் பதிவாவதில்லை.

பதிவாகாததால்தான் இளைஞர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள். வழிமறித்தவனைப் படம்பிடித்து, வண்டி எண்ணோடு பரப்பி, ஊரறிய அவமானப்படுத்துகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அதற்குப் பலனும் உண்டு. 2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் தலித் முதியவர்களைப் பஞ்சாயத்தில் காலில் விழவைத்த காட்சி வெளியே வந்த பிறகுதான் காவல்துறை கைது நடவடிக்கையில் இறங்கியது.

ஆனாலும் அதே ஒட்டனந்தல் இன்னொன்றையும் சொல்கிறது. தவறு செய்தவர்களின் முகத்தைவிட, காலில் விழுந்த முதியவர்களின் கோலம்தான் பார்த்தவர் மனதில் நின்றது. படம் ஓடும்போதெல்லாம் அவமானம் நம் பக்கமே திரும்பி வருகிறது. சிக்கியவனும் பெரும்பாலும் ஒரு வாரம் தலைமறைவாகி, பிறகு பெரியவர்களை வைத்து "தெரியாமல் நடந்துவிட்டது" என்று கட்டப்பஞ்சாயத்தில் முடித்துக்கொள்கிறான். படம் எடுத்த பையன் மறுநாளும் அதே சாலையில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். காட்சியில் இருப்பவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், பாதிக்கப்பட்டவரோ குற்றம் சாட்டப்பட்டவரோ, அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. நியாயம் கேட்கப் போய் நம் பிள்ளையே வழக்கில் மாட்டக்கூடாது.

ஊரைக் கூட்டி அவமானப்படுத்துவது சாதியின் பழைய ஆயுதம். நமக்குத் தேவை அதன் நகல் அல்ல. செய்தவன் நீதிமன்றத்தில் பெயரோடு நின்று பதில் சொல்ல வேண்டும்.

அதற்கான வழி சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ.)(பி) பிரிவு, பொது இடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. செருப்பும் புத்தாடையும் அணிவதைத் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். சாதிப் பெயர் சொல்லிப் பலர் அறியத் திட்டினால் அது தனிக் குற்றம்.

ஆகவே மாணவர்களே, படம் எடுங்கள். பரப்புவதற்கு முன் அதைச் சாட்சியமாக்குங்கள். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள். வண்டி எண், நேரம், இடம், பேசிய சொற்கள், பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. அறிக்கையின் நகல் இலவசம். சைக்கிள் பற்றிய பிரிவு அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். கடமை தவறும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

பள்ளிகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. மாணவர்களிடையே சாதி மோதல் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதி அடையாளம் தீட்டிய சைக்கிள்களைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று பரிந்துரைத்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒருமுறை சுற்றிவரத் தலைமையாசிரியருக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கேள்வி. ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. சைக்கிளையும் பைக்கையும் வழிமறித்ததற்காக மதுரை மாவட்டத்தில் இதுவரை எத்தனை வழக்குகள் பதிவாகின, எத்தனையில் தண்டனை கிடைத்தது என்ற கணக்கை அடுத்த கூட்டத்தில் காவல்துறை வைக்கட்டும். அதை ஊராட்சி அலுவலகப் பலகைகளில் ஒட்டட்டும். ஊரறிய வெளியாக வேண்டியது அந்தக் கணக்குதான்.