ஊர்க் கல்யாணத்தைக் காட்டாத டெலிவிஷன்

ஊரில் அக்காள் மகள் கல்யாணம். மும்பையில் வேலை. லீவு கிடைக்கவில்லை.

இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்று தாராவித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. மொய்ப் பணத்தை அனுப்பிவிட்டு மனதைத் தேற்றிக் கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து, நெல்லையில் இருந்து வரும் யாராவது ஒரு உறவினர் கையில் அல்வா பொட்டலத்துடன் ஒரு பென் டிரைவும் வந்து சேரும்.

அன்று இரவு வீடே டெலிவிஷன் முன் உட்கார்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். தவணையில் வாங்கிய புது டெலிவிஷன். பென் டிரைவை செருகுகிறார்கள். "இந்த பைலை இயக்க முடியாது" என்று எழுத்து வருகிறது. அல்லது, படம் மட்டும் வருகிறது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார். தவில்காரர் வெளுத்து வாங்குகிறார். சத்தம்தான் இல்லை!

பழி யார் மேல் விழும்? முதலில் பென் டிரைவ் மேல். பிறகு அதைக் கொண்டு வந்தவர் மேல். கடைசியில், படம் பிடித்த ஸ்டூடியோக்காரர் மேல். பெரும்பாலும் இவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்ல. "எல்லாம் ஓடும்" என்று சொல்லி விற்ற கடைக்காரரையும், எது ஓடும் என்று அட்டைப் பெட்டியில் எழுதாத கம்பெனியையும்தான் கேட்க வேண்டும்.

மீட்டர் கேஜ், பிராட் கேஜ்

1970-களில் மும்பையில் இருந்து நெல்லைக்குப் போனவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. சென்னை சென்ட்ரல் வரை பிராட் கேஜ் ரெயில். அங்கே இறங்கி, டிரங்குப் பெட்டி, படுக்கை, பிள்ளை குட்டிகளோடு எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் ரெயிலைப் பிடிக்க வேண்டும். ஒன்றின் தண்டவாள அகலம் 1,676 மில்லி மீட்டர். மற்றதற்கு 1,000 மில்லி மீட்டர். இந்தத் தொல்லையை ஒழிக்க ரெயில்வே 1992-ம் ஆண்டில் ஒரே கேஜ் திட்டத்தைத் தொடங்கியது.

வீடியோ கேசட் வந்தபோதும் இதே கதைதான். 1975-ல் சோனி கம்பெனி பீட்டாமேக்ஸ் கொண்டு வந்தது. மறு ஆண்டே ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். கொண்டு வந்தது. ஒன்றின் கேசட் மற்றதில் நுழையாது. ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. வீடியோ பெட்டியை ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து எம்.ஜி.ஆர். படம் பார்த்தவர்களுக்கு, கேசட்டைப் பார்த்த உடனேயே இது சேருமா, சேராதா என்று தெரிந்துவிடும்.

இன்று அப்படி அல்ல. எல்லா பென் டிரைவும் எல்லா டெலிவிஷனிலும் நுழைகிறது. துளை ஒன்றுதான். பொருந்தாதது உள்ளே இருக்கிறது. அதனால்தான் பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு குட்டு வெளிப்படுகிறது.

உள்ளே என்னதான் இருக்கிறது? எம்.பி.4, எம்.கே.வி. என்பதெல்லாம் வெறும் வேகன். வேகனின் பெயரைப் பார்த்து அதில் ஏற்றிய சரக்கு என்ன என்று சொல்ல முடியாது. படம் ஒரு சரக்கு. ஒலி இன்னொரு சரக்கு. படத்தைச் சுருக்கிக் கட்டுவதற்குப் பல முறைகள் உண்டு. பழைய டி.வி.டி.யில் எம்பெக்-2. 2003-ல் வந்தது எச்.264. 2013-ல் வந்தது எச்.265. கட்டிய முறையிலேயே அவிழ்க்கத் தெரிந்தால்தான் டெலிவிஷனில் படம் தெரியும். தம்பியின் புது போன் எச்.265-ல் படம் பிடித்திருக்கும். அண்ணன் வீட்டு டெலிவிஷன் பழையதாக இருக்கும். பிறகு எப்படி ஓடும்?

ஒலி விஷயத்தில் காசு விளையாடுகிறது. டால்பி, டி.டி.எஸ். என்ற பெயர்கள் சினிமா தியேட்டர் வாசலில் எல்லோரும் பார்த்தவை. இந்த ஒலியை அவிழ்க்கும் வசதியை வைக்க, டெலிவிஷன் கம்பெனி அந்தக் கம்பெனிகளுக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டும். மலிவு டெலிவிஷன்களில் பல அதைக் கட்டுவது இல்லை. மலிவு மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. சாம்சங் 2018 முதல் தன் டெலிவிஷன்களில் டி.டி.எஸ்.சை விட்டுவிட்டது. எல்.ஜி. 2020-ல் விட்டது, 2023-ல் சில ரகங்களில் திரும்பக் கொண்டு வந்தது. கல்யாண டி.வி.டி.யைப் பிரதி எடுத்தால் அதில் இருப்பது பெரும்பாலும் டால்பி ஒலி. நாதஸ்வரம் ஊமையானதன் ரகசியம் இதுதான்.

இன்னொரு சிறு விஷயம். பழைய முறையில் தயாரான பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைல் ஏறாது. முகூர்த்தம் பாதியில் நின்றால் ஸ்டூடியோக்காரரைத் திட்டுமுன் இதையும் பார்க்க வேண்டும்.

ஒயர் இல்லாமல் வருமா?

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இரண்டு அறை வீட்டில் மகனின் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும். டெலிவிஷன் ஹாலில் இருக்கும். கம்ப்யூட்டரில் உள்ள படத்தை வைபை வழியாக ஹாலில் பார்க்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. பார்க்கலாம்தான். எந்தக் கம்பெனிப் பெட்டியும் மற்றக் கம்பெனிப் பெட்டியோடு பேச வேண்டும் என்று சோனி, இன்டெல் முதலிய கம்பெனிகள் 2003-ல் ஒன்று கூடின. டி.எல்.என்.ஏ. என்ற முத்திரையும் வந்தது. 2017-ல் அந்த அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். அவர்கள் வகுத்த முறை இன்னும் பல டெலிவிஷன்களில் இருக்கிறது.

ஆனால் அது அறிமுகம் செய்து வைப்பதோடு சரி. கம்ப்யூட்டரில் உள்ள பைல்களின் பட்டியல் டெலிவிஷனில் அழகாகத் தெரியும். ஒன்றை அழுத்தினால் பழைய பல்லவிதான்: "இயக்க முடியாது!" கேஜ் பொருந்தாவிட்டால் சிக்னல் விழுந்து என்ன பயன்?

தாராவியில் வேறு ஒரு சங்கடமும் உண்டு. ஒரு சந்துக்குள் எத்தனை வைபை பெட்டிகள்! எல்லாம் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையில் மோதிக் கொள்கின்றன. அந்த அலையில் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் ஓடும் தடங்கள் மூன்றுதான். படம் திக்கித் திக்கி ஓடுவதற்கு டெலிவிஷனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பத்தடி நீளமுள்ள வீட்டில் வைபை எதற்கு? டெலிவிஷனில் லேன் துளை இருந்தால் ஒரு ஒயர் போதும்.

"சப் சலேகா, அண்ணா!" என்பதுதான் மும்பைக் கடைகளில் நம்மவர்களுக்குக் கிடைக்கும் பதில். எத்தனை அங்குலம், என்ன விலை, எத்தனை தவணை என்று கேட்பவர்கள், ஊரில் இருந்து வந்த பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது இல்லை. போக வேண்டும். கடையிலேயே செருகி, படமும் ஒலியும் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்க வேண்டும். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் ஏன் வாங்க வேண்டும்? பைலின் பெயரைத் தமிழில் எழுதி வைத்துப் பார்ப்பதும் நல்லது. சில மலிவுப் பெட்டிகளில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் டெலிவிஷனைத் தூக்கிப் போட வேண்டாம். வி.எல்.சி. என்ற இலவச பிளேயர் அநேகமாக எல்லா முறைக் கட்டையும் அவிழ்க்கும். ஆண்ட்ராய்டு டெலிவிஷனிலும் போடலாம். டெலிவிஷன் அந்த வகை இல்லை என்றால், எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஒரு சிறு பெட்டியை வாங்கலாம். ஆனால் பெயர் தெரியாத மலிவுப் பெட்டி ஆபத்து. அப்படிப்பட்ட சில ஆண்ட்ராய்டு பெட்டிகளில், தயாராகி வரும்போதே திருட்டு நிரல் புகுந்திருந்ததை 2023-ல் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்குக் கொடுத்திருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே புகார் சொல்லலாம். ஆனால் கடைக்காரர் என்ன சொல்வார்? "டெலிவிஷனில் கோளாறு இல்லை, உங்கள் பைல் சரியில்லை" என்பார். அட்டைப் பெட்டியில் எதுவும் எழுதாதபோது அவரை எப்படி மடக்குவது?

மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்பதை நட்சத்திரம் போட்டு டெலிவிஷன் மேல் ஒட்டுகிறார்கள். அதே இடத்தில், எந்தப் படக் கட்டு, எந்த ஒலிக் கட்டு, எத்தனை பெரிய பென் டிரைவ் ஓடும் என்று நாலு வரி எழுத என்ன கஷ்டம்? அதை அரசாங்கம் கட்டாயம் ஆக்க வேண்டும். பத்தாயிரம், இருபதாயிரம் என்று தவணை கட்டுகிறவன் இந்த நாலு வரியைக் கேட்பதில் தவறே இல்லை.

ஸ்டூடியோக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம். மும்பைக்குப் போகும் பிரதியை எச்.264 படத்தோடும், ஏ.ஏ.சி. ஒலியோடும் எம்.பி.4-ல் போட்டுக் கொடுத்தால் அநேகமாக எந்த டெலிவிஷனும் சண்டித்தனம் செய்யாது.

இனி டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகள். 1980-களில் எடுத்த கல்யாணம், சடங்கு, கோவில் கொடை எல்லாம் அதில் இருக்கிறது. இறந்துபோன ஆச்சியின் குரல் வேறு எங்கும் இல்லாமல் அந்த ஒரு கேசட்டில் மட்டும் இருக்கும் வீடுகள் உண்டு. வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் புனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. மும்பை ஈரத்தில் கேசட் நாடா பூஞ்சை பிடிக்கும். மாற்றிக் கொடுக்கும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. மாற்றிய பிறகு இரண்டு இடத்தில் பிரதி வைத்துக்கொண்டு, கேசட்டையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது.