செருப்புக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயம்

"இன்னாடா ஆச்சு இதுக்கு? நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது?"

நைனா கேட்ட கேள்வி இதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு எங்கள் ஆற்காட்டு வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை முழுக்க வந்து நின்றபோது கேட்டார். அவர் மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் தைக்கும் மூன்று நான்கு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். 2017-இல் வாங்கிய மேசைக் கணினி. ஏழாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம். இடையில் நான் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், அதற்கப்புறம் முப்பது நொடிக்குள் எழுந்து உட்கார்ந்துவிடும். டாலி, எக்செல், பிரிண்டர், ராத்திரி பழைய பாட்டு. இதைத் தவிர அதனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

கடைக்கு எடுத்துப் போனோம். பையன் கேஸைத் திறக்கக்கூட இல்லை. "விண்டோஸ் லெவன் இதுல ஏறாது சார். புதுசு எடுத்துக்குங்க, நாப்பத்தஞ்சுல முடிச்சுத் தர்றேன்." அவன் மேல் கோபமில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

ஏன் ஏறாது என்பதில்தான் என் சண்டை.

விண்டோஸ் 11 கேட்பது நாலு ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ப்ராசஸர். ராமும் இடமும் எங்களிடம் அதிகமாகவே இருந்தன. டிபிஎம் வேலையைச் செய்யும் வசதி பயாஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டி எழுப்பினேன், பச்சை டிக் வந்தது. கடைசியில் ப்ராசஸர் ஒன்று மட்டும் சிவப்பு. ஒரே ஒரு தலைமுறை வித்தியாசம்.

சரி, ஏழாம் தலைமுறைக்கு உண்மையிலேயே முடியாதா? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் ஏழாம் தலைமுறை ஐ7-7820எச்க்யூ என்ற சில்லுக்கு விதிவிலக்கு உண்டு. அந்தச் சில்லு எதில் இருக்கிறது? மைக்ரோசாஃப்ட் தானே 2018-இல் விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற விலையுயர்ந்த கணினியில். சொந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்தது, ஊரான் பிள்ளைக்குச் சாத்திக்கொண்டது. அதே ஊர், அதே வருஷம், அதே குடும்பப் பெயர் கொண்ட சில்லு.

அவர்கள் சொல்லும் காரணம் நிலைத்தன்மை. தகுதியில்லாத கணினிகளில் கெர்னல் மட்டச் செயலிழப்பு 52 சதவீதம் அதிகம் என்று 2021-இல் சொன்னார்கள். தகுதியுள்ளவற்றில் 99.8 சதவீதம் செயலிழப்பற்ற அனுபவம் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். மீதி 0.2. அதில் 52 சதவீதத்தைக் கூட்டினால் தோராயமாக 0.3. துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனால் நல்ல கணினியைத் தூக்கிப் போடச் சொல்லும் அளவுக்கு இது பெரிய எண்ணா என்று நைனா மாதிரி கணக்கு எழுதுகிறவரிடம் கேளுங்கள், சிரிப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "அப்டேட் வேணாம், பழசே போதும்" என்று வீராப்பு பேசுகிறவன் இல்லை நான். ஓட்டை அடைக்கப்படாத கணினியில் வங்கி வேலையும் ஜிஎஸ்டி வேலையும் பார்ப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது போலத்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் நிரலை ஏற்கனவே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். ஆக, பாதுகாப்பு நிஜம். பயமும் நிஜம். அந்த பயத்தைக் காட்டித்தான் வியாபாரம் நடக்கிறது என்பதும் நிஜம்.

ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு நிரல்களை எழுதுவதை அவர்கள் நிறுத்தவேயில்லை! காசு கட்டும் நிறுவனங்களுக்கு 2028 வரை தருகிறார்கள், வருஷா வருஷம் விலையை இரட்டிப்பாக்கி. வீட்டுக்காரர்களுக்கு ஒரே வருஷம், 2026 அக்டோபர் வரை. அதற்கும் முப்பது டாலர், அல்லது உங்கள் செட்டிங்ஸை அவர்களுடைய மேகக் கணக்கோடு இணைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன, அங்கே அந்த இணைப்பு நிபந்தனையைத் தளர்த்தினார்கள். இங்கே நாம் மீம் போட்டோம்.

நிரல் எழுதி முடிந்து சர்வரில் தயாராகக் கிடக்கிறது. நைனாவின் கணினிக்கு மட்டும் இல்லை. இதற்குப் பெயர் தொழில்நுட்பத் தடை என்றால், ரேஷன் கடையில் அரிசி இருந்தும் "ஸ்டாக் இல்லை" என்பதற்கும் அதே பெயரை வைக்கலாம்.

எங்கள் பகுதியிலிருந்து பார்த்தால் இந்த விஷயத்துக்கு இன்னொரு முகம் தெரிகிறது. இந்தியாவில் "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கைக்கு வலுவான சட்ட அடித்தளம் கிடைத்தது எங்கள் பாலாற்றால்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. அது முடிவல்ல. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மேடு பல பத்தாண்டுகள் மழையில் நனைந்து கிணறுகளுக்குள் இறங்கியது. லாபம் எடுத்தவன் போன பிறகு குப்பை யாருடையது என்ற கேள்வியை நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, குடத்தில் பார்த்தோம்.

அதனால் கேட்கிறேன். விண்டோஸ் 10 முடிவால் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று 2023-இல் கனாலிஸ் நிறுவனம் மதிப்பிட்டது. இந்தக் குப்பைக்கு யார் பொறுப்பு? நம்முடைய மின்கழிவு விதிகள் 2022, சாதனத்தைத் தயாரித்து விற்றவரைப் பிடிக்கின்றன. மறுசுழற்சிச் சான்றிதழ் காட்டச் சொல்கின்றன. நல்லது. ஆனால் சாதனம் சாகவில்லையே? அதைச் சாகடித்தது மென்பொருள். மென்பொருள்காரர் இந்த விதிக்குள் வரவே மாட்டார். தோல் ஆலைக்குப் பத்தாயிரம், இவருக்குப் பூஜ்யம்.

ஆம்பூரில் ஷூ செய்கிறோம். சோல் தேய்ந்தால் சோலை மாற்றுவோம். தையல் பிரிந்தால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் மெழுகு நூல் போட்டுத் தைத்துத் தருவார். ஷூ கம்பெனிக்காரன் வந்து "இந்த மாடலுக்கு நூல் தருவதை நிறுத்திவிட்டோம், புதுசு வாங்கு" என்றால் ஊரே சிரிக்கும். கம்ப்யூட்டருக்குச் சொன்னால் மட்டும் கடன் வாங்கப் போகிறோம்.

இந்த இடத்தில் லினக்ஸ் நண்பர்கள் வந்துவிடுவார்கள். "ப்ரோ, மின்ட் போடுங்க." போட்டேன், ப்ரோ. அழகாக ஓடுகிறது. தமிழ்99-இல் தட்டுகிறேன், இந்தக் கட்டுரையே அதில் எழுதியதுதான். ஆனால் டாலி அதில் நேரடியாக ஓடாது. நைனாவின் இருபது வருஷத்துத் தமிழ்க் கடிதங்கள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றும்போது அட்டவணைகள் குலைகின்றன. அறுபத்தி இரண்டு வயதுக்காரரிடம் "டெர்மினலைத் திறங்க" என்று சொல்லிப் பாருங்கள், சுதந்திர மென்பொருளின் சுதந்திரம் யாருக்கு என்பது புரியும்.

இதைத் தனிமனிதச் சாமர்த்தியத்தால் தீர்க்க முடியாது. தமிழ்நாட்டுக்கே இது புதிதில்லை. 2007 வாக்கில் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. எக்ஸ்பி-க்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்த நேரத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்குச் சொல்லப்பட்டது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எனக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. நான் முதல் வாரமே பாஸை அழித்தேன், படம் சேர்த்துவைக்க இடம் வேண்டும் என்று. வகுப்பில் எல்லாரும் அதையேதான் செய்தார்கள். எங்களுக்கு அதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் யாரும் செலவழிக்கவில்லை. வட்டைக் கொடுத்தார்கள், வாத்தியாரைக் கொடுக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் ஒரு விதி இருக்கிறது: ஸ்மார்ட்போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதள அப்டேட் தர வேண்டும். வீட்டுக் கணினிக்கும் இப்படி ஒன்றை இங்கே கேட்பதற்கு என்ன கூச்சம்? காசுக்குத் தரும் பாதுகாப்பு நிரலை வீட்டுக்காரருக்குச் சும்மா கொடு. கொடுக்க மாட்டாய் என்றால் மின்கழிவுக் கணக்கில் உன் பெயரையும் எழுது. இரண்டில் ஒன்று.

இப்போதைக்கு எங்கள் வீட்டில் வட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஒரு பக்கம் மின்ட், எனக்கு. மறு பக்கம் அந்த ஒரு வருஷ நீட்டிப்பில் விண்டோஸ் 10, நைனாவின் டாலிக்கு. மேகக் கணக்கு தொடங்க அவருடைய போன் நம்பரைக் கேட்டது. "கணக்கு எழுதறவனுக்கே கணக்கு தொறக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடிபி சொன்னார். 2026 அக்டோபருக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். காயலான் கடைக்காரர் போன வாரமே விலை சொல்லிவிட்டுப் போனார்: எண்ணூறு ரூபாய், மானிட்டரும் சேர்த்து.