கடன் மனுவுக்கு முன் ஒரு மின்தணிக்கை

ஆனேக்கல் வட்டத்தில் சொந்த வீடு வைத்திருப்போர் அண்மைக்காலமாக எங்கள் கிளைக்கு வந்து விசாரிக்கும் கடன்களுள் ஒன்று, மொட்டைமாடியில் சோலார் தகடு அமைப்பதற்கான கடன். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிஎம் சூர்ய கர் திட்டத்தின்கீழ், முதல் இரண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் அளிக்கிறது. மிச்சத் தொகைக்குப் பொதுத்துறை வங்கிகள் பிணையமின்றிக் கடன் வழங்குகின்றன. நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தகட்டுக்குக் கடன் கேட்கும் எவரும் அதற்கு முன்பாகத் தம் வீட்டின் மின்செலவை ஒருமுறை தணிக்கை செய்துவிட வேண்டும், வங்கியும் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து. தேவை எவ்வளவு என்று அளக்காமல் வாங்கும் கடன், எந்தப் பொருளுக்கானதாயினும், பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதாகவே இருக்கும்.

எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2001, சிமெண்ட், உருக்கு, நெசவு போன்ற பெருந்தொழில்களில் அறிவிக்கப்பட்ட பெரிய நுகர்வோர் தகுதிபெற்ற தணிக்கையாளரைக் கொண்டு மின்தணிக்கை நடத்த வகை செய்துள்ளது. பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் உள்ள தொழிற்சாலைகளில் பணிபுரியும் வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஆனால் அத்தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பியதும் அதே மனிதர் தம் கீசர் மாதத்திற்கு எத்தனை யூனிட் உண்கிறது என்பதை அறியமாட்டார். வீடுகளுக்கு அத்தகைய சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. மாதந்தோறும் வரும் மின்ரசீது ஒன்றுதான் நமக்கிருந்த கணக்கேடு. கர்நாடகத்தில் அதையும் வாசிக்கும் வழக்கம் குறைந்து வருகிறது.

காரணத்தைத் தமிழகத்து வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தின்கீழ் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். ஆனால் எல்லோருக்கும் 200 யூனிட் அன்று. 2022-23 நிதியாண்டில் அவ்வீடு பயன்படுத்திய மாதச் சராசரியும் அதற்குமேல் பத்து விழுக்காடும் சேர்ந்ததே, திட்டம் தொடங்கியபோது வகுத்தபடி, அவ்வீட்டின் தகுதி அளவு. அதைத் தாண்டி 200-க்குள் இருந்தால் மிகையான யூனிட்டுகளுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே முழுத்தொகை. பழைய கணக்கில்லாத புது இணைப்புகளுக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டை அடிப்படையாகக் கொண்டு 58 யூனிட் என்று வகுத்தனர்.

குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு இத்திட்டம் பெரும் துணை என்பதை நாள்தோறும் சேமிப்புக் கணக்குகளைப் பார்க்கும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் வணிகவியல் படித்தவன் கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. அந்த ஆண்டில் சிக்கனமாக 60 யூனிட்டுடன் நிறுத்திக்கொண்ட வீட்டுக்கு 66 யூனிட்தான் உரிமை. 180 யூனிட் செலவிட்ட வீட்டுக்கு 198. மேலும், செலுத்த வேண்டிய தொகை பூஜ்ஜியம் என்று அச்சிட்ட ரசீதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அதே தாளில் பயன்படுத்திய யூனிட் எண்ணிக்கை மாதந்தோறும் ஏறிக்கொண்டிருப்பது கண்ணில் படாமலே போகிறது. 198 யூனிட் வரை ஒன்றுமில்லாதிருந்த ரசீது, ஒரு மாதம் 203 ஆனதும் ஆயிரம் ரூபாய்க்குமேல் வந்து நிற்கும்போதுதான் குடும்பம் விழித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்னும் எல்லையைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடுவதால், அங்குள்ளோருக்கும் இந்த அதிர்ச்சி பழக்கமானதே.

அப்படி விழித்துக்கொண்டவர்களுள் ஒருவர், அத்திப்பள்ளியில் வசிக்கும் தொழிற்சாலை மேற்பார்வையாளர், 3 கிலோவாட் சோலாருக்குக் கடன் கேட்டு வந்தார். “சார், மாதம் ஆயிரத்தைந்நூறு போகிறது. தகடு போட்டுவிட்டால் கவலை விட்டது” என்றார். அவருடைய ரசீதுகளில் மாதம் 230 யூனிட்டை ஒட்டியே இருந்தது. யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,400 ரூபாய். நிலைக்கட்டணமும் வரியும் தனி. தகடுகளின் விலை இரண்டு லட்ச ரூபாய் அளவில்; மானியம் போக ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன். படிவத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுத்துக்கொண்டு வீட்டை அளந்து வரச் சொன்னேன்.

அளப்பதற்குக் கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மின்னணு மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும். அதன் அருகில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் விளக்கு நான்கு முறை மின்னினால் மணிக்கு 240 முறை. 240-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.075 யூனிட், அதாவது 75 வாட். வாய்ப்பாடு தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடக்கூடிய கணக்கு இது. (பிள்ளைகளிடம் ஒப்படைப்பதே நல்லது, பெரியவர்கள் பாதியில் விட்டுவிடுவர்.) முதலில் வீட்டின் எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் இணைப்புகளையும் எடுத்துவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போதும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் மின்கசிவோ, உங்கள் மீட்டரில் சேர்ந்துவிட்ட மாடிப்படி விளக்கு போன்ற வேறொரு இணைப்போ இருக்கலாம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய இடம் அது.

அவர் வீட்டில் கசிவு இல்லை. ஆனால் ஃபிரிட்ஜை மட்டும் கழற்றிவிட்டு, மற்றவற்றை வழக்கம்போல ‘அணைத்த’ நிலையில் பார்த்தபோது நிமிடத்திற்கு இருமுறை மின்னியது. இரண்டு செட்டாப் பாக்ஸ், இணைய மோடம், பழைய பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டர் ஆகிய இவை யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் 37 வாட் இழுத்துக்கொண்டிருந்தன. மாதத்திற்கு 27 யூனிட். மற்றவை: கீசர் 75, பழைய ஃபிரிட்ஜ் 45, மூன்று மின்விசிறிகள் 40, தண்ணீர் மோட்டார் 20, விளக்குகளும் தொலைக்காட்சியும் மிக்ஸியும் துணி துவைக்கும் இயந்திரமும் சேர்ந்து 26. கூட்டினால் 233.

கீசர் முதலிடத்தில் நிற்பதைக் கண்டு அவர் வியந்தார், எனக்கு வியப்பில்லை. சென்னைக்காரருக்கு ஏசி எப்படியோ, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்த வட்டத்திற்குக் கீசர் அப்படி. 15 லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். நான்கு பேர் குளிக்க இரண்டு யூனிட். அதற்குமேல் ஆவதெல்லாம் வீண். விடியற்காலை ஐந்தரைக்குப் போட்ட ஸ்விட்ச் எட்டு மணிவரை அணைக்கப்படாமல் இருப்பது, தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து நீரைக் கொதிக்கவிட்டுப் பின் தண்ணீர் கலந்து குளிப்பது, கீசருக்கும் குழாய்க்கும் இடையே இருபதடி தூரம் இருப்பதால் சுடுநீர் வருமுன் ஒரு வாளி வீணாவது ஆகியவை எல்லா வீடுகளிலும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு கீசரின் ஹீட்டர் கம்பியில் படிந்து அதன் ஆயுளைக் குறைப்பது எங்கள் பகுதிக்கே உரிய கூடுதல் தொல்லை. கர்நாடகத்தில் புதுக் கட்டடங்களுக்குச் சூரிய சுடுநீர்க் கலனைக் கட்டாயமாக்கி 2007-ஆம் ஆண்டிலேயே அரசாணை வந்துவிட்டது. பெங்களூருவின் மொட்டைமாடிகளில் அவை வரிசையாக நிற்பதை எவரும் காணலாம். அவற்றுள் பல உப்புப் படிந்து, குழாய் அடைபட்டு, வெறும் அலங்காரமாய் நிற்கின்றன. இருக்கும் கலனைச் சுத்தம் செய்ய ஆளழைக்காமல், அதன் பக்கத்திலேயே மின்தகடு நிறுவக் கடன் கேட்பது எனக்கு விளங்காத பொருளாதாரம்.

அவர் செய்தவை மிகச் சில. கீசரைக் குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, நால்வரும் அடுத்தடுத்துக் குளித்து, உடனே அணைக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார். 25 யூனிட் குறைந்தது. மூன்று விசிறிகளையும் மாற்றி, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளைச் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினார், 24 யூனிட். இரவில் செட்டாப் பாக்ஸ்களைச் சுவரிலேயே அணைத்ததில் 10, தொட்டி நிரம்பி வழியுமுன் ஒலிக்கும் அலாரம் பொருத்தியதில் 6. மொத்தம் 65. ரசீது 168 யூனிட்டில் வந்து நின்றது. அவருடைய 2022-23 சராசரி 140. தகுதி அளவு 154. மிஞ்சிய 14 யூனிட்டுக்கு மட்டும் இப்போது கட்டணம். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க் கடன் மனு மேசையிலேயே நின்றுவிட்டது.

இதில் இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, வங்கிக்கு இது நட்டமன்றோ என்பது. கடன் இலக்கு எனக்கும் உண்டு. இல்லையென்று பாசாங்கு செய்யமாட்டேன். ஆனால் மாதம் 1,400 ரூபாய் மிச்சமாகும் என்று நம்பி வாங்கிய கடனின் தவணை, பிறகு சுமையாகத் தோன்றத் தொடங்கினால் அந்தக் கணக்கின் கதி என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும். தணிக்கைக்குப் பிறகும் 300, 400 யூனிட் தேவைப்படும் வீடுகள் உண்டு. 3 கிலோவாட் தகடு நம் வெயிலில் மாதம் 300 யூனிட்டுக்குமேல் தரும். அத்தகைய வீட்டாருக்கு நானே முன்னின்று கடன் பரிந்துரைப்பேன். இரண்டாவது மறுப்பு வலுவானது. 200-க்குமேல் இருந்து முழுப்பணம் செலுத்தியவர் கீழிறங்கியதும் அவருக்கான 154 யூனிட்டின் செலவு அரசின் தலையில் விழுகிறதே! உண்மைதான். ஒருவரின் சிக்கனம் கருவூலத்துக்குச் செலவாகும்படி திட்டத்தின் வரம்பு அமைந்திருக்கிறது. அதற்குத் தீர்வு வரம்பின் வடிவத்தைத் திருத்துவது. குடும்பங்கள் தொடர்ந்து வீணாக்குவது அன்று. தகுதி அளவைவிடக் குறைவாகச் செலவிடும் வீட்டுக்கு, மிச்சம்பிடித்த யூனிட்டுகளில் ஒரு பங்கையேனும் அடுத்த கோடை மாதங்களுக்கு வரவு வைக்கலாம் என்பது என் யோசனை. வைப்புத்தொகைக்கு வட்டி தருவது போன்றதுதான்.

பொருள் வாங்குவது பற்றி ஒரு சொல். எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு இன்று குழந்தைகளுக்கும் தெரியும். மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயம். ஆனால் நட்சத்திரத்தின் அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஏசி இன்றைய அளவில் மூன்றாகவும் இருக்கலாம். கடையில் எஞ்சிய பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்குவோர் நட்சத்திரத்தை எண்ணாமல், அதே ஒட்டியில் அச்சாகியிருக்கும் காலத்தையும் ஆண்டு யூனிட் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

வாடகைதாரர் நிலை வேறு. ஓசூர்ப் பக்கமிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து சந்தாபுராவிலும் எலக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியும் குடியிருப்போருக்கு மொட்டைமாடி சொந்தமில்லை. தகடும் இல்லை, மானியமும் இல்லை. கீசரை வாங்குபவர் வீட்டு உரிமையாளர், அதற்குக் கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். இப்படியிருக்க, கடையிலுள்ளவற்றில் மலிவானதே சுவரில் ஏறும். சில இடங்களில் நான்கு குடித்தனங்களுக்கு ஒரே மீட்டர். நால்வரும் சேர்ந்தால் 200 யூனிட் பத்து நாளில் கடந்துவிடும். ஏழைக்கென வந்த சலுகை ஏழைக்குக் கிட்டாமற் போகும். அட்வான்ஸ் தொகையைப் பேசும்போதே தனி மீட்டர் உண்டா, கீசரும் விசிறியும் எத்தகையவை என்று கேட்டு, பதினோரு மாத ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது குடியிருப்பவரின் கையிலுள்ள ஒரே ஆயுதம்.

வங்கியின் பங்கும் உண்டு. ஒரு வீட்டுக்கடன் கோப்பில் வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை, கட்டட அனுமதி எல்லாம் இருக்கும். இருபது ஆண்டுகள் அவ்வீட்டில் ஆகப்போகும் மின்செலவைப் பற்றி ஒரு வரி இராது. சுவரும் சன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு 2018 டிசம்பரிலேயே மத்திய அரசு ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டும், கடன் வழங்குவோர் அதைப் புரட்டிப் பார்ப்பது அரிது. எப்படியும் வீட்டை நேரில் காணச் செல்லும் மதிப்பீட்டாளர் கூடுதலாக ஒரு பக்கம் எழுதினால் போதும். சோலார் கடனாயின், பன்னிரண்டு மாத ரசீதுகளுடன் மேற்சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் மனுவோடு இணைக்கச் சொல்லலாம்.

அந்தக் கணக்கை ஆண்டுக்கு இருமுறை எடுப்பது நலம்: கீசர் மிகுதியாக ஓடும் டிசம்பரில் ஒன்று, விசிறி நிற்காத ஏப்ரலில் ஒன்று. ஒரே முறைதான் இயலுமென்றால், எங்கள் வட்டத்தில் டிசம்பர். தமிழகத்தின் சமவெளி ஊர்களில் மே.